காற்றின் மேல் ஒரு கூபே: டொயோட்டா 86-க்கு ஏர் சஸ்பென்ஷனும் அகல ஃபெண்டரும்

பார்சல் பிரித்த அன்றே ஃபெண்டரை எடுத்து வண்டியின் மேல் வைத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். வைத்துப் பாருங்கள், படமும் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அதை எடுத்துச் சுவரோரம் சாய்த்துவிட்டு, முதலில் சஸ்பென்ஷன் வேலையைத் தொடங்குங்கள். இந்த அத்தியாயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இந்த வரிசையைத்தான். முதலில் காற்று, அடுத்தது சக்கரம், கடைசியில் பாடி. இதைத் தலைகீழாகச் செய்தவர்கள் ஒரே ஃபெண்டரை இரண்டு முறை வெட்டி, இரண்டு முறை பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன்.

எடுத்துக்கொள்ளும் கார், 2012-இல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86. டொயோட்டாவும் சுபாருவும் சேர்ந்து உருவாக்கி, ஜப்பானின் குன்மாவில் உள்ள சுபாரு ஆலையில் செய்தது. சுபாரு பெயரில் வரும்போது பிஆர்இசட். படுத்த நிலையில் இருக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜின், 1998 சிசி, 200 குதிரைத்திறன், பின் சக்கர இழுவை, எடை 1,200 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இன்ஜின் தாழ்வாக உட்கார்ந்திருப்பதால் பானெட்டும் தாழ்ந்து, முன் ஃபெண்டர்கள் இரண்டும் அதற்கு மேல் மேடு கட்டி நிற்கும். டிரைவர் சீட்டிலிருந்து பார்த்தால் அந்த இரண்டு மேடும் கண்ணில் படும். அகல ஃபெண்டர் இந்தக் காருக்கு இவ்வளவு பொருந்துவதற்கு அந்த மேடுகளும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஏற்கெனவே இருக்கும் வளைவைத்தான் வெளியே இழுக்கிறோம்.

அப்படி இழுத்துக் காட்டியவர் கியோட்டோவில் டிஆர்ஏ கியோட்டோ என்ற பட்டறையை நடத்தும் கெய் மியூரா. அவருடைய ராக்கெட் பன்னி கிட் வந்த பிறகு, ரிவெட் தெரியும் ஃபெண்டர் உலகமெங்கும் பரவியது. பாணி பழையது. 1970, 80-களில் ஜப்பானியப் பந்தயத் தடங்களில் ஓடிய ஸ்கைலைன் போன்ற கார்களுக்கு, அகலமான டயர் போடுவதற்காக ஃபெண்டரை வெட்டி மேலே ஒரு மூடியை போல்ட் போட்டு வைத்தார்கள். மியூரா அதே யோசனையை எடுத்துக்கொண்டு, காரை முப்பரிமாண ஸ்கேன் செய்து, கம்ப்யூட்டரில் வரைந்து, இயந்திரத்தில் அச்சு வெட்டிச் செய்தார். ஒரு கிட்டின் இடப்பக்க ஃபெண்டரும் வலப்பக்க ஃபெண்டரும் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருப்பது அதனால்தான். கையால் அச்சு எடுத்த கிட்டுகளில் அந்தப் பொருத்தம் அபூர்வம்.

வேலையில் இறங்கும் முன் சட்டம். ஜப்பானில் ஷாக்கென் என்னும் வாகனப் பரிசோதனையில், தரைக்கும் காரின் அடிப்பகுதிக்கும் குறைந்தது 9 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். 86-இன் நிலையான இடைவெளி 13 செ.மீ. ஆக, இறக்குவதற்கு உங்களிடம் இருப்பது 4 செ.மீ. மட்டும். அகலம் பதிவில் உள்ளதைவிட 2 செ.மீ.க்கு மேல் மாறினால் கட்டமைப்பு மாற்றப் பதிவு தனியாகச் செய்ய வேண்டும். மலேசியாவில் இருப்பவர்கள் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் முன்கூட்டியே கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கம். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவை விளக்கி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அங்கே இப்படிப்பட்ட காரைக் கண்காட்சிக்கும் தனியார் பந்தயத் தடத்துக்கும் என்று வைத்துக்கொள்வதுதான் நேர்மையான வழி. எந்த நாடானாலும் இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். தெரிவிக்காத மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்துக்குப் பிறகு கை விரித்துவிடலாம்.

காற்று எப்படித் தாங்குகிறது

ஏர் சஸ்பென்ஷன் பஸ்ஸில் போனவர்களுக்கு இது புதிதல்ல. பஸ் நின்றதும் உஸ் என்று பெருமூச்சு விட்டுப் படி தாழும் அல்லவா, அதே தொழில்நுட்பம்தான். கம்பிச் சுருளுக்குப் பதிலாக ரப்பர் பெல்லோஸ், அதற்குள் அழுத்தமான காற்று.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 86-இன் எடையில் ஏறத்தாழ 53 சதவீதம் முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. 1,230 கிலோ என்று வைத்தால் ஒரு முன் சக்கரத்துக்கு 325 கிலோ. அதில் சக்கரம், பிரேக், ஹப் ஆகியவற்றின் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. அதற்கு 40 கிலோ கழித்தால் மிச்சம் 285 கிலோ. பெல்லோஸின் செயல்படும் பரப்பு 65 சதுர செ.மீ. என்று கொண்டால், ஒரு சதுர செ.மீ.க்கு 4.4 கிலோ, அதாவது 62 பிஎஸ்ஐ. டயரில் அடிப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு சாதாரணமான அழுத்தத்தில்தான் கார் நிற்கிறது.

கம்பிச் சுருளில் காரைத் தாழ்த்தினால் பொதுவாகச் சவாரி கடினமாகும், ஏனென்றால் தாழ்த்தும் ஸ்பிரிங்கையே கடினமாகச் செய்திருப்பார்கள். காற்றில் அப்படி நடக்காது. உயரத்தைக் குறைக்க வேண்டுமானால் காற்றை வெளியே விட வேண்டும். காற்று குறையக் குறைய மேடு பள்ளத்தை வாங்கிக்கொள்ள மிச்சமிருக்கும் இடமும் குறைகிறது. அடுத்த பள்ளத்தில் சஸ்பென்ஷன் பம்ப் ஸ்டாப் ரப்பரில் போய் முட்டும். கண்ணுக்கு அழகாகத் தாழ்ந்து நிற்கும் அதே உயரத்தில் ஓட்டினால் கார் ஒரு நொடி மெத்தென்று அமுங்கி, மறுநொடி டமால் என்று இடிக்கும். ஏர் சஸ்பென்ஷன் மோசமானது என்று திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் ஓட்டும் உயரத்தை மிகவும் கீழே வைத்திருப்பவர்கள்.

ஆகவே உங்கள் காருக்கு இரண்டு உயரங்கள் உண்டு. ஒன்று ஓட்டும் உயரம். மற்றது காற்றை முழுதாக இறக்கி நிறுத்திவைக்கும் உயரம், அதைப் படுத்த நிலை என்போம். டேம்பரின், அதாவது ஷாக் அப்சார்பரின், பயணத்தில் சரிபாதிக்குச் சற்றுக் கீழே அமரும் இடம் ஓட்டும் உயரத்துக்கு நல்ல தொடக்கம். வீல் அலைன்மென்ட், ஹெட்லைட் கோணம், பிரேக் ஹோஸின் நீளம் எல்லாவற்றையும் அந்த உயரத்தில்தான் சரிபார்க்க வேண்டும். படுத்த நிலையில் ஒன்றே ஒன்றைத்தான் கேட்கிறோம்: எதுவும் எதோடும் உரசக்கூடாது, நசுங்கக்கூடாது.

என்னென்ன வாங்க வேண்டும்

முன்பக்கம் மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்பதால் பெல்லோஸும் டேம்பரும் ஒரே துண்டாக வரும். பின்பக்கம் டபுள் விஷ்போன். டேம்பர் கீழ்க்கையின் நடுவே மாட்டியிருப்பதால் சக்கரம் நகரும் அளவு டேம்பர் நகராது. நெம்புகோல் கணக்கில் அங்கே பெல்லோஸின் மேல் விழும் சுமை கூடும். பின்பக்கம் எடை குறைவாக இருந்தும் பின் அழுத்தம் முன்னைவிட அதிகமாகக் காட்டினால் பயப்படாதீர்கள், அது இயல்பு.

காற்றைத் தயாரிக்கும் பக்கத்தில் கம்ப்ரெசர், டேங்க், வால்வு பிளாக், கட்டுப்பாட்டுப் பெட்டி ஆகியவை. ஒரு கம்ப்ரெசர் போதும். இரண்டு இருந்தால் டேங்க் சீக்கிரம் நிறையும், ஒன்று போனாலும் வீடு வந்து சேரலாம். டேங்க் 19 லிட்டர் அலுமினியம் பரவலாகக் கிடைப்பது. 145 பிஎஸ்ஐக்கு இறங்கினால் கம்ப்ரெசரை ஓடவிட்டு 175-இல் நிறுத்தும் பிரஷர் ஸ்விட்ச் நடைமுறைக்கு நன்றாக ஒத்துவரும். டேங்கில் பாதுகாப்பு வால்வு கட்டாயம். ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டு கம்ப்ரெசர் நிற்காமல் ஓடினால் உங்களையும் டேங்கையும் காப்பாற்றுவது அந்தச் சின்னப் பித்தளைத் துண்டுதான். டேங்கின் அடிமட்டத்தில் தண்ணீர் வடிக்கும் குழாயும் வேண்டும். ஈரமான காற்றை அழுத்தினால் தண்ணீர் பிரியும். வெப்பமண்டல ஊர்களில் ஒரு மாதத்தில் சேரும் தண்ணீரைப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள்.

கட்டுப்பாட்டில் இரண்டு வகை. அழுத்தத்தை மட்டும் அளப்பது ஒன்று, அழுத்தத்தோடு உயரத்தையும் அளப்பது மற்றொன்று. அழுத்தம் மட்டும் அளந்தால், பக்கத்து சீட்டில் 80 கிலோ நண்பர் ஏறும்போது அந்தப் பக்கம் தாழ்ந்துவிடும். பெட்டியோ பழைய அழுத்தத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும். உயர சென்சார் இருந்தால் காரை மறுபடி மட்டத்துக்குக் கொண்டுவரும். அதே சமயம் உயரத்தை மட்டும் நம்பினாலும் ஆபத்து உண்டு. ஆடும் மேஜையில் எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டு கால்கள் மட்டும் சுமை தாங்குவது போல, கார் மட்டமாக நின்றபடியே குறுக்கு மூலைகள் இரண்டில் அழுத்தம் ஏறிவிடக்கூடும். பிரேக் பிடிக்கும்போது அது ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டையும் அளக்கும் பெட்டிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண் செலவல்ல. ஏர் லிஃப்ட் பெர்ஃபார்மன்ஸ் நிறுவனம் 3பி, 3எச் என்று இரண்டு வகையையும் விற்கிறது. என்னைக் கேட்டால் ஃபெண்டர் கிட்டை ஒரு படி மலிவாக வாங்கியாவது 3எச் போன்றதைப் போடுங்கள் என்பேன்.

குழாய் கால் அங்குலமா, 3/8 அங்குலமா என்று கேட்பார்கள். பெரியது சீக்கிரம் தூக்கும், சீக்கிரம் இறக்கும். ஆனால் ஒரு பிஎஸ்ஐ இரண்டு பிஎஸ்ஐ என்று நுணுக்கமாகச் சரிசெய்யும்போது அளவு தாண்டிப்போகும். தினமும் ஓட்டும் காருக்குக் கால் அங்குலமே எனக்குப் பிடிக்கும்.

மாட்டும்போது

கம்ப்ரெசரையும் டேங்கையும் வைக்க டிக்கியில் துளை போடும் முன் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். 86-இன் பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்குக் கீழே இருக்கிறது, பிரேக் குழாய்களும் அதே பக்கம்தான் போகின்றன. டிரில் எங்கே வெளிவரும் என்று கையால் தொட்டு உறுதி செய்யாமல் ஸ்விட்ச்சை அழுத்தாதீர்கள். எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 25 கிலோ எடை வரும். அதை வெறும் பிளைவுட் பலகையில் மர ஸ்க்ரூ போட்டு வைத்தால், மோதலில் அந்தப் பலகை பின் சீட்டை நோக்கிப் பறக்கும். பலகையை ஊடுருவி, தகட்டின் அடியில் பெரிய வாஷர் கொடுத்து போல்ட் போடுங்கள்.

கம்ப்ரெசர் ஒவ்வொன்றும் 20 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் இழுக்கும். பேட்டரி முன்னால், கம்ப்ரெசர் பின்னால். அந்த நீள ஒயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால் தீதான். ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். கம்ப்ரெசர் பக்கத்தில் ஃபியூஸ் வைத்தால், நடுவே உள்ள நான்கு மீட்டர் ஒயருக்குப் பாதுகாப்பே இல்லை. ஃபயர்வாலைத் தாண்டும் இடத்தில் ரப்பர் கிராமெட் இல்லாமல் ஒயரை விடவே கூடாது.

நைலான் குழாயை வெட்டுவதற்கென்று சின்ன கட்டர் விற்கிறது, விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குத்தான் ஆகும். மலேசியாவின் கிள்ளானில் நான் வேலை பழகிய பட்டறையில், என் முதல் காருக்கு அதை வாங்காமல் கட்டிங் பிளையரால் வெட்டினேன். அன்று இரவு கார் மட்டமாக நின்றது, மனம் நிறைந்து வீட்டுக்குப் போனேன். காலையில் வந்து பார்த்தால் இடது பின் மூலை டயரின் மேல் உட்கார்ந்திருந்தது. மற்ற மூன்று மூலைகளும் அப்படியே. பக்கெட்டில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கரைத்து, பிரஷால் ஒவ்வொரு இணைப்பிலும் பூசினேன். வால்வு பிளாக்கில் ஒன்றுமில்லை. பெல்லோஸின் கழுத்தில் ஒன்றுமில்லை. குழாய் ஃபிட்டிங்குக்குள் நுழையும் இடத்தில், கடுகு அளவில் ஒரு நுரைக் குமிழி எழுந்து உடைந்தது. மறுபடி எழுந்தது. குழாயை உருவிப் பார்த்தேன். பிளையர் அழுத்திய இடத்தில் வட்டம் முட்டை வடிவமாகி இருந்தது. ஃபிட்டிங்குக்குள் இருக்கும் ஓ-ரிங் அந்தத் தட்டையான பக்கத்தைப் பிடிக்கவில்லை. ராத்திரி முழுவதும் காற்று போனது அந்த வழியாகத்தான். நேராக வெட்டி, முட்டும்வரை தள்ளி, ஒருமுறை பின்னால் இழுத்துப் பார்த்ததும் சரியாகிவிட்டது. அன்றிலிருந்து சோப்புத் தண்ணீர் பூசாமல் எந்தக் காரையும் பட்டறையிலிருந்து அனுப்பியதில்லை.

பெல்லோஸைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஒரு விரல் நுழையும் இடம் இருக்க வேண்டும், காற்று நிறைந்தபோதும் இறங்கியபோதும். ரப்பர் எதையாவது தொட்டுக்கொண்டிருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரில் ஓட்டை விழும். ஏபிஎஸ் ஒயரும் பிரேக் ஹோஸும் சக்கரம் முழுதாகத் தொங்கும்போது இழுபடாமலும், படுத்த நிலையில் மடங்கி நசுங்காமலும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன் சக்கரத்தை இடக்கோடி வலக்கோடி இரண்டுக்கும் திருப்பிப் பார்க்க வேண்டும். கார் காற்றில் நிற்கும்போது சக்கர வளைவுக்குள் கையோ தலையோ நுழைக்காதீர்கள். ஒரு குழாய் கழன்றால் கண் மூடித் திறக்கும் நேரம்கூட உங்களுக்குக் கிடைக்காது. ஜாக்கிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டும் போட்ட பிறகுதான் கை உள்ளே போக வேண்டும்.

சக்கரம்

86-இல் நான்கு சக்கரமும் ஐந்து போல்ட், 100 மி.மீ. வட்டம். ஹப் துளை 56.1 மி.மீ. பல மாடல்களில் கம்பெனி கொடுத்த ரிம் 17 அங்குலம், 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48, டயர் 215/45 ஆர் 17. புதிதாக 18 அங்குலம், 9.5 அகலம், ஆஃப்செட் 22 போடுகிறீர்கள் என்று வைப்போம். அகலம் இரண்டரை அங்குலம் கூடுகிறது. அதில் பாதி உள்ளே, பாதி வெளியே, அதாவது பக்கத்துக்கு 31.75 மி.மீ. ஆஃப்செட் 26 குறைவதால் ரிம் மொத்தமாக 26 மி.மீ. வெளியே நகரும். ஆக வெளி விளிம்பு கிட்டத்தட்ட 58 மி.மீ. வெளியே போகிறது, உள் விளிம்பு 6 மி.மீ. மட்டும் உள்ளே வருகிறது. பெல்லோஸுக்கும் டயருக்கும் நடுவே அந்த 6 மி.மீ. இடம் இருக்கிறதா என்பதைப் பார்த்துவிட்டு ரிம்முக்குப் பணம் கட்டுங்கள்.

டயரின் மொத்த விட்டம் மாறாமல் இருந்தால் ஸ்பீடோமீட்டரும் ஏபிஎஸ்ஸும் குழம்பாது. பழைய டயரின் விட்டம் 625 மி.மீ., 245/35 ஆர் 18 டயரின் விட்டம் 629. நான்கு மி.மீ. வித்தியாசம் ஒரு பொருட்டே அல்ல. ஒடுக்கமான டயரை அகல ரிம்மில் இழுத்துப் போடும் வழக்கம் ஒன்று உண்டு. படத்துக்கு எடுப்பாக இருக்கும். ஆனால் பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காக்க டயரின் தோள் இருக்காது, மூலையில் திரும்பும்போது டயர் ரிம்மிலிருந்து கழலக்கூடும். நான் யாருக்கும் போட்டுக் கொடுப்பதில்லை.

பெல்லோஸின் காற்றை முழுதாக இறக்கி, புதிய சக்கரத்தை மாட்டி, ஜாக்கியால் சக்கரத்தை முட்டும்வரை தூக்குங்கள். டயர் எந்த இடத்தில் தகட்டைத் தொடுகிறது என்று மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் வெட்டு வேலைக்கு அந்த டேப்தான் வரைபடம்.

ஃபெண்டர்

கிட் பெரும்பாலும் எஃப்ஆர்பி, அதாவது கண்ணாடி நாரும் பிசினும். விறைப்பு உண்டு, எடை குறைவு, உடைந்தால் ஒட்டலாம். ஆனால் கல் பட்டால் சிலந்தி வலை போல விரிசல் விடும். கீழே இருக்கும் முன் லிப்புக்கு வளையும் பாலியூரிதேன் கிடைத்தால் அதை எடுங்கள். வேகத்தடையில் உரசினாலும் பிழைக்கும். கார்பன் ஃபைபரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, பர்ஸ் இடம் கொடுக்க வேண்டும். நகல் கிட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. பாதி விலைக்கு வருகிறது என்று ஒருமுறை வாங்கினோம். வலப்பக்கப் பின் ஃபெண்டர் கதவின் கோட்டிலிருந்து ஒரு விரல் அளவுக்கு விலகி நின்றது. அதை வளைத்து, நிரப்பி, தேய்த்துப் பொருத்துவதற்குக் கொடுத்த கூலி, அசலுக்கும் நகலுக்கும் இருந்த விலை வித்தியாசத்தைத் தாண்டிவிட்டது. அச்சு வடித்தவரின் உழைப்பைத் திருடுகிறோம் என்பது அதற்கு மேல்.

புது எஃப்ஆர்பிக்கு வந்த உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். பிசின் முழுதாக இறுகியிருக்காது. மட்டமான இடத்தில், வளையாதபடி முட்டுக் கொடுத்து நான்கைந்து நாள் வெயிலில் வையுங்கள். சுருங்குவது பெயிண்டுக்கு முன்பே சுருங்கட்டும். அச்சிலிருந்து எடுக்கத் தடவிய மெழுகு மேலே ஒட்டியிருக்கும். அதை மெழுகு நீக்கியால் துடைத்த பிறகுதான் உப்புத்தாளைத் தொட வேண்டும். துடைக்காமல் தேய்த்தால் மெழுகைக் கீறலுக்குள் தேய்த்து ஏற்றிவிடுவீர்கள், பெயிண்ட் மீன்கண் போலக் குழி விழும். விளிம்பைத் தேய்க்கும்போது மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் அவசியம். கண்ணாடித் தூசி தோலில் ஏறினால் இரண்டு நாள் அரிப்பு நிற்காது.

முன் ஃபெண்டரும் பின் ஃபெண்டரும் ஒரே மாதிரியான வேலை என்று நினைக்காதீர்கள். முன்னது போல்ட் போட்ட தகடு, கழற்றிவிடலாம். பழைய மார்க்கெட்டில் இன்னொரு ஜோடி வாங்கி அதை வெட்டுங்கள், கம்பெனி ஜோடியைத் துணி சுற்றிப் பத்திரப்படுத்துங்கள். பின்னது காரின் உடம்போடு பற்றவைத்தது, வெட்டினால் திரும்பாது. ஒரு நாள் இரவு பொறுத்திருந்து, மறுநாள் காலையிலும் மனம் மாறவில்லை என்றால் கிரைண்டரை எடுங்கள்.

பின் வளைவின் விளிம்பில் இரண்டு தகடுகள் சந்திக்கின்றன. வெளியே தெரியும் தோல் ஒன்று, உள்ளே சக்கரக் குழியின் தகடு மற்றொன்று. இரண்டையும் விளிம்பில் புள்ளிப் பற்றவைப்பு இணைத்திருக்கிறது. நேராக ஒரே கோட்டில் வெட்டினால் அந்த இணைப்பு கழன்று, இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி வாய் பிளக்கும். அதன் மேல் ஃபெண்டரை மூடிவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. மழைத் தண்ணீரும் சேறும் அந்த வாய் வழியாக உள்ளே போய், இரண்டு வருடத்தில் கதவுப் படிவரை துரு பிடிக்கும். உடம்பின் உறுதியும் அந்த இடத்தில் குறையும். அகல ஃபெண்டர் போட்ட கார்களில் நான் பார்த்த மோசமான சேதங்கள் வெட்டிய தகடுகளை மறுபடி இணைக்கும் இந்த ஒரு வேலையைத் தவிர்த்ததால் வந்தவை.

எங்கள் பட்டறையில் பாடி வேலை பார்த்த அண்ணன் இதை எனக்குச் செய்து காட்டினார். பின் சீட்டையும் பக்கத்து அட்டையையும் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்து, பெட்ரோல் ஊற்றும் குழாய் இருக்கும் பக்கத்தில் ஈரச் சாக்கு போர்த்தினார். டேப்பில் குறித்த கோட்டுக்கு ஓர் அங்குலம் கீழே வெளித்தோலை வெட்டினார். அந்த ஓர் அங்குலத்தை விரற்கடைக்கு ஒன்றாக, சீப்பின் பல் போலக் கீறினார். சுத்தியலால் ஒவ்வொரு பல்லையும் உள்ளே மடக்கி, உள்தகட்டோடு சேர்த்தார். அடுத்து பற்றவைப்புப் புள்ளிகள் வைக்க வேண்டும்.

“வரிசையா வச்சுக்கிட்டே போயிடலாமா அண்ணே?” என்று கேட்டேன்.

“போனா தகடு அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும் தம்பி. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு வை. தொட்டுப் பார், சூடு ஆறட்டும். அப்புறம் நடுவுல வை.”

அரை நாள் ஆயிற்று. ஒரு புள்ளி வைப்பார், புறங்கையால் வெளித்தோலைத் தொட்டுப் பார்ப்பார், எழுந்து அடுத்த பக்கத்துக்குப் போவார். முடிந்ததும் பற்றவைப்பைத் தேய்த்து, துத்தநாக பிரைமர், அதன் மேல் சீம் சீலர், உலர்ந்த பிறகு பெயிண்ட், உட்புறம் மெழுகுத் தெளிப்பு. கடைசியில் யாரும் பார்க்கப்போகாத அந்த விளிம்பு, கம்பெனி விளிம்பைப் போலவே வழவழவென்று இருந்தது. அந்தக் கார் இன்றும் ஓடுகிறது. போன வருடம் ஃபெண்டரைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு பொட்டுத் துரு இல்லை.

புது ஃபெண்டரை மாட்டும்போது ரிவெட் அடிப்பதைவிட, தகட்டில் ரிவ்நட் பதித்துத் துருப்பிடிக்காத போல்ட் போடுவது மேல். உடைந்தால் பத்து நிமிடத்தில் கழற்றலாம். ஃபெண்டருக்கும் உடம்புக்கும் நடுவே ரப்பர் பட்டி வையுங்கள். இல்லையென்றால் அதிர்வில் எஃப்ஆர்பி பெயிண்டைத் தின்றுவிடும். பெயிண்ட் அடிக்கும் முன் எல்லாவற்றையும் குறைந்தது இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள், ஒவ்வொரு முறையும் காற்றை முழுதாக இறக்கி. படுத்த நிலையில் டயருக்கும் ஃபெண்டர் விளிம்புக்கும் நடுவே என்ன இடம் மிச்சம் என்பது அப்போதுதான் தெரியும்.

முன் பம்பரை மாற்றும்போது உள்ளே இருக்கும் உலோக பீமை வெட்டச் சொல்லும் கிட் எதையும் வாங்காதீர்கள். ரேடியேட்டருக்குக் காற்று போகும் வாயை அடைக்கும் வடிவமும் வேண்டாம். முன்னால் பெரிய ஸ்ப்ளிட்டர் மட்டும் போட்டு, பின்னால் டக்டெயிலோ விங்கோ இல்லாமல் விட்டால், அதிவேகத்தில் பின் சக்கரம் லேசாகி கார் நடுங்கும். இரண்டையும் சேர்த்தே யோசியுங்கள்.

சாலைக்கு வந்த பிறகு

அலைன்மென்ட்டுக்குப் போகும்போது ஓட்டும் உயரத்தில் காரைப் பிடித்துவைக்கச் சொல்லுங்கள், டிரைவர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வைக்கச் சொன்னாலும் தப்பில்லை. தாழ்த்திய 86-இல் பின் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அதைச் சரிசெய்ய நீளம் மாற்றக்கூடிய பின் கைகள் வேண்டியிருக்கும். டயரின் உள் விளிம்பை மட்டும் தின்பதற்குச் சாய்வைவிட டோ கோணம், அதாவது மேலிருந்து பார்க்கையில் சக்கரம் திரும்பியிருக்கும் கோணம், பிசகியிருப்பதே அதிகக் காரணம். டோவை விடாப்பிடியாகச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

படுத்த நிலையில் ஓர் அடி கூட ஓட்டாதீர்கள். பின் டிரைவ் ஷாஃப்டுகள் அந்த உயரத்தில் செங்குத்தான கோணத்தில் இருக்கும், அதில் இன்ஜின் முறுக்கு விழுந்தால் ஜாயின்ட் தேயும்.

வெயிலில் நின்ற கார் சில மி.மீ. உயர்ந்திருக்கும், மழை இரவுக்குப் பிறகு அதே அளவு தாழ்ந்திருக்கும். காற்று சூட்டில் விரிவதால் வருவது அது. மூலைக்கு மூலை வித்தியாசம் தெரிந்தால்தான் சோப்புத் தண்ணீரை எடுக்க வேண்டும். காலையில் இன்ஜினை ஓடவிட்டு, காரைச் சுற்றி ஒரு நடை வந்து, நான்கு மூலையும் ஒரே மாதிரி எழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மாதத்துக்கு ஒருமுறை டேங்கின் அடிக்குழாயைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள், துருநிறத்தில் வந்தால் கம்ப்ரெசரின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டர் முடிந்ததும் மேல் மவுன்ட் நட்டுகள், பின் கைகளின் போல்ட்டுகள், ஃபெண்டர் போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரென்ச் வைத்து ஒருமுறை இறுக்குங்கள்.